இருப்பவரை இழந்து நிற்பவர்கள்

புதுவை வில்லியனூரை அடுத்த அரியூரிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் சென்ற மாதம் கிடைத்தது. ஊரைச் சொல்லலாம், பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக் கொண்டுள்ளார். ஐந்து பக்கக் கடிதம். நான்கு பக்கங்களில் கணவரின் நிலையை எழுதிவிட்டு, ஐந்தாம் பக்கத்தில்தான் தம் நிலையைச் சொல்லத் தொடங்குகிறார். அந்தப் பக்கமும் பாதியில் நின்று விடுகிறது. கணவர் விழித்துக் கொண்டாராம்.

கணவருக்கு 72 வயது. சர்க்கரை ஆலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். நான்கு ஆண்டுகளாக மறதி. முதலில் சாவியும் மூக்குக் கண்ணாடியும் மறந்தன. பிறகு பழகிய தெரு மறந்தது. இப்போது பெற்ற பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக நழுவுகின்றன. சுப்ஹுக்கு முன்பே எழுந்து, ஆலைக்கு நேரமாகிவிட்டது, சாப்பாட்டுத் தூக்கு எங்கே என்று கேட்கிறார். லுஹர் தொழுத கையோடு மறுபடியும் ஒளுச் செய்து லுஹருக்கு நிற்கிறார். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் வாசற்படியில் நின்றுகொண்டு, "வீட்டுக்குப் போக வேண்டும்" என்கிறார். அது அவரே கட்டிய வீடு.

இவற்றையெல்லாம் அந்தச் சகோதரி தாங்கிக் கொண்டிருக்கிறார். தாங்க முடியாமற் போனது வேறு ஒன்று. உறவினர் பலர் கூடியிருந்த ஒரு நாளில், தம் ஓய்வூதியப் பணத்தை மனைவி ஒளித்து வைத்து வேறொருவனுக்குக் கொடுப்பதாக அவர் சொல்லிவிட்டார். நாற்பத்தைந்து ஆண்டு இல்லறத்துக்குப் பின் கேட்ட சொல். வந்திருந்தவர்களில் ஒருவரும் அதை நம்பவில்லை என்றாலும், ஒருவரும் மறுத்துப் பேசவுமில்லை என்று எழுதுகிறார்.

"மருந்து பற்றி நான் கேட்கவில்லை. டாக்டர் சொன்னதைக் கொடுத்து வருகிறேன். என் மனத்தில் இருப்பதை யாரிடம் சொல்வது என்றுதான் கேட்கிறேன். வாயைத் திறந்தால், பொறுமையாக இரு, உனக்குச் சொர்க்கம் உண்டு என்கிறார்கள். அதற்குப் பிறகு நான் பேச என்ன இருக்கிறது?"

இக்கேள்வியைத்தான் இம்மாதம் எடுத்துக் கொள்கிறோம். ஏனெனில் இது ஓர் ஊருக்கோ ஒரு வீட்டுக்கோ உரியதன்று. நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று அதிகமானோர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியா என்னும் மறதி நோயோடு வாழ்வதாக 2023ஆம் ஆண்டு வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டுள்ளது. நகரத்தை விடக் கிராமத்திலும், ஆண்களை விடப் பெண்களிடமும், படித்தவர்களை விடப் படிக்காதவர்களிடமும் இது மிகுதி என்றும் அவ்வாய்வு கூறுகிறது. இத்தனை பேரையும் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, இரவில் கதவுக்குக் குறுக்கே பாய் விரித்துப் படுப்பவர்கள் யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அவர்களைக் கணக்கெடுத்தவர்தாம் குறைவு.

முதலில் அந்தக் கொடுஞ்சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுவோம். சகோதரியின் நெஞ்சில் தைத்திருப்பது அதுதான்.

ஜெர்மனி நாட்டின் ஃபிராங்ஃபர்ட் நகர மருத்துவமனைக்கு 1901ஆம் ஆண்டு அகஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்மணி கொண்டுவரப்பட்டார். அழைத்து வந்தவர் அவருடைய கணவர். அப்பெண்மணியிடம் முதன்முதலாகத் தெரிந்த மாற்றம் மறதியன்று. கணவர் மீது எழுந்த பொறாமையும் சந்தேகமும்தான். காரணமே இல்லாமல் கணவரின் ஒழுக்கத்தை ஐயுற்றார். அதன் பின்னரே நினைவு குலைந்தது. 1906இல் அவர் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்த டாக்டர் அலாய்ஸ் அல்சைமர், அங்கே இயல்புக்கு மாறான படிவுகளும் முறுக்கிய இழைகளும் இருக்கக் கண்டு, அவ்வாண்டு நவம்பர் மாதம் மருத்துவர் கூட்டத்தில் எடுத்துரைத்தார். இன்று உலகம் அல்சைமர் நோய் என்று அழைப்பது இதைத்தான். மறதி நோய்களில் மிகுதியாகக் காணப்படுவதும் இதுவே.

ஆக, இந்நோய் மருத்துவ நூலில் ஏறிய முதல் வீட்டிலேயே, பராமரித்த துணைவர் மீது பழி விழுந்திருக்கிறது. வைத்த இடம் மறந்து போகிறது. மறந்தது என்பதும் மறந்து போகிறது. பணம் இருந்த இடத்தில் இல்லை என்பது மட்டும் எஞ்சுகிறது. யாராவது எடுத்திருக்க வேண்டும் என்று குழம்பிய மூளை முடிவு கட்டுகிறது. அருகில் எப்போதும் இருப்பவர் யார்? மனைவி. அதனால்தான் அதிகமாகத் தொண்டு செய்பவருக்கே அதிகமாக ஏச்சுக் கிடைக்கிறது. எப்போதோ வந்து போகும் மருமகனிடம் அவர் சிரித்த முகத்தோடு பேசுவார்; மருமகனும், "மாமா நன்றாகத்தானே இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போவார்! இப்பழியை மறுத்து வாதாடுவதால் பயனில்லை. "காணாமற் போயிற்றா, வாருங்கள் தேடுவோம்" என்று கூடவே தேடுவதும், மெல்லப் பேச்சை வேறு பக்கம் திருப்புவதுமே அனுபவசாலிகள் கண்ட வழி. மறுத்துப் பேச வேண்டியவர்கள் கூடியிருந்த உறவினர்கள். அவரிடமல்ல, அந்தச் சகோதரியிடம். அடுத்த அறைக்கு அழைத்துப் போய், "இது நோய் பேசிய பேச்சு, உன்னை எங்களுக்குத் தெரியும்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இக்கடிதத்தில் ஒரு பக்கம் குறைந்திருக்கும்.

சுற்றம் ஏன் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமற் போகிறது? இதற்கும் விடை உண்டு. கோவாவில் மருத்துவ ஆய்வாளர்கள் கிராம மக்களிடம் இந்நோயின் அடையாளங்களைச் சொல்லி, காரணம் என்னவாக இருக்கும் என்று கேட்டபோது, பலர் சொன்னது குடும்பத்தாரின் புறக்கணிப்பு, அன்பின்மை என்பதே. 2001இல் வெளியான ஆய்வு இது. கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் இந்நிலைக்குச் 'சின்னன்' என்று ஒரு பெயர் வழங்குவதை இன்னோர் ஆய்வு எடுத்துக் காட்டியது. சிறுபிள்ளைத்தனம் என்று பொருள். நம் பக்கத்தில் 'வயதான கோளாறு' என்போம். முதற்கருத்து மனைவியைக் குற்றவாளியாக்குகிறது. மற்றவை நோயையே இல்லாததாக்குகின்றன. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக் கொள்பவள், வீட்டுக் கதவைச் சாத்திக் கொள்கிறாள். பெண் கேட்டு வருபவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற அச்சம் வேறு சேர்ந்தால் சன்னலும் சாத்தப்படும். விருந்துக்குப் போவது நிற்கிறது. பிறகு அழைப்பதும் நிற்கிறது.

பொறுமையைப் பற்றி இனிப் பேசலாம். பொறுமை உயர்ந்த பண்பு என்பதில் நமக்குள் இரு கருத்தில்லை. ஆனால் 'பொறுமையாக இரு' என்பது ஆறுதலாகவும் சொல்லப்படலாம்; 'இதற்கு மேல் பேசாதே' என்பதற்கு நாகரிகமான மாற்றாகவும் சொல்லப்படலாம். நம் வீடுகளில் இரண்டாவது வகையே மிகுதி என்பது எம் கருத்து. அழகிய பொறுமைக்கு எடுத்துக்காட்டாக நாம் அறிந்திருப்பவர் யஃகூப் நபி (அலை) அவர்கள். அவர்கள் மகன் யூசுஃப் (அலை) அவர்களை எண்ணி அழுதழுது கண்கள் வெளுத்துப் போனார்கள் என்பதும் நாம் அறிந்ததே. அந்தக் கண்ணீர் பொறுமைக்கு மாறானதாகக் கருதப்படவில்லை. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர்கள் யாருக்காக அழுதார்களோ அந்த மகன் உயிரோடுதான் இருந்தார்.

உயிரோடு இருப்பவருக்காகத் துயருறுவது என்பதற்கு நம் சமுதாயத்தில் இடமே இல்லை. ஒருவர் இறந்தால் ஊரே வருகிறது. அடக்கம் செய்கிறோம், துஆச் செய்கிறோம், மனைவிக்கு நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா என்று காலம் வகுக்கப்பட்டுள்ளது. மறதி நோய் பீடித்தவரின் மனைவியோ, தம் கணவரை நாள்தோறும் சிறிது சிறிதாக இழக்கிறார். ஊர் வருவதில்லை. இழப்பு என்று அதற்குப் பெயரும் இல்லை. பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் இத்தகைய துயரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்டார். ஆள் இல்லை, ஆனால் நெஞ்சில் இருக்கிறார் என்பது ஒருவகை. காணாமற் போனவர்களின் குடும்பத்தார் படும் பாடு அது. ஆள் இருக்கிறார், ஆனால் அவர் அவராக இல்லை என்பது மறுவகை. அரியூர்ச் சகோதரி படுவது இந்தப் பாடு. பெயர் தெரிந்தால் நோவு தீராதுதான். ஆனால், "எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ, நான் கெட்டவளோ" என்ற ஐயம் தீரும்.

அவர் எழுதத் துணியாமல், எழுதி அடித்திருக்கும் ஒரு வரி உண்டு. அடித்த எழுத்து ஒளிபட்டுத் தெரிகிறது. 'அல்லாஹ் அவரைச் சீக்கிரம் அழைத்துக் கொண்டால்...' என்பது அது. சகோதரி, நீண்ட காலம் நோயாளியைப் பராமரிக்கும் எத்தனையோ பேருடைய மனத்தில் இவ்வெண்ணம் வந்து போகிறது. வேதனை முடிய வேண்டும் என்னும் ஏக்கம் அது. அவருக்கும் சேர்த்தே நீங்கள் அதை விரும்புகிறீர்கள். அதற்காகத் தொழுகைப் பாயில் அமர்ந்து உங்களை நீங்களே சபித்துக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால், 'நான் இறந்து போனால் நல்லது' என்றோ, 'அவரை அடித்து விடுவேனோ' என்றோ எண்ணம் எழுந்தால் அது வேறு. அந்த நொடியில் அவருக்கு ஆபத்தில்லாதபடி பார்த்துக்கொண்டு, அறையை விட்டு வெளியே வந்து விடுங்கள். அன்றே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

யாரிடம் என்பதுதான் கேள்வி. கோவாவில் நடந்த இன்னொரு முயற்சியை இங்கே விரிவாகச் சொல்வது பொருந்தும். வளரும் நாடுகளில்தான் மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வாழ்கின்றனர். ஆனால் ஆராய்ச்சியில் 10 விழுக்காடு கூட அவர்களைப் பற்றியதன்று என்ற குறையைப் பெயரிலேயே தாங்கி '10/66' என்றொரு ஆய்வுக் குழு இயங்கி வந்தது. சென்னையும் வேலூரும் கூட அதன் களங்களாக இருந்தன. அந்த ஆய்வுத் தொடர்பில் வந்த டாக்டர் அமித் டயஸ் முதலானோர், கோவாவின் இரண்டு தாலுகாக்களில் 81 குடும்பங்களைத் தேர்ந்து ஒரு சோதனை செய்து, முடிவை 2008இல் வெளியிட்டனர். வீடுகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் மருத்துவர்கள் அல்லர், செவிலியரும் அல்லர். மேல்நிலைப் பள்ளி வரை படித்த, உள்ளூர் மொழி பேசும், பழக இனிய சாதாரண மக்கள். ஒரு வாரம் பயிற்சி. மேற்பார்வைக்கு ஒரு மனநல மருத்துவரும் ஓர் ஆலோசகரும். பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது வீட்டுக்குச் சென்றார்கள்; ஆறு மாதம் சென்றார்கள். நோய் இன்னது என்று விளக்கினார்கள். அன்றாடச் சிக்கல்களுக்கு வழி சொன்னார்கள். அரசு உதவிகளைப் பெறத் துணை நின்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பராமரிப்பவர் பேசுவதைக் கேட்டார்கள்.

விளைவு என்ன? நோயாளிகளின் நிலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் நிறுவப்படவில்லை. ஆனால் பராமரித்தவர்களின் மனநலம் தேறியது. நோயாளியின் நடத்தையால் அவர்கள் அடைந்த வேதனை குறைந்தது. வீட்டில் நடப்பது ஏறக்குறைய அதுவே. அதைச் சுமக்கும் நெஞ்சு மட்டும் இலேசாயிற்று.

ப்ளஸ் டூ படித்த பெண்கள் இல்லாத மஹல்லா இன்று உண்டா? வில்லியனூர் சுல்தான்பேட்டையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் எத்தனை பேர் பட்டம் பெற்று வீட்டில் இருக்கிறார்கள்! ஜமாஅத்துகள் திருமண மண்டபம் கட்டுகின்றன, நல்ல காரியம். அவற்றோடு, வயது முதிர்ந்த நோயாளிகள் உள்ள வீடுகள் எவை என்று ஒரு பட்டியல் எடுத்து, பதினைந்து நாளுக்கொரு முறை போய் வர நான்கு சகோதரிகளை நியமிப்பதற்குச் செங்கல்லும் சிமெண்டும் தேவையில்லை. பயிற்சிக்கு அருகில் உள்ள மனநல மருத்துவரை அணுகலாம். மாவட்ட மனநலத் திட்டம் என்று அரசுத் திட்டமே ஒன்று இருக்கிறது.

அதுவரை அந்தச் சகோதரி காத்திருக்க முடியாது. அவருக்கு நாம் சொல்வது இது. எல்லாரிடமும் சொல்ல முயல வேண்டாம், ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அறிவுரை சொல்லாமல் கேட்கத் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும். உடன்பிறந்தவளாக இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் உடன்பிறந்தவர்களே குறுக்கே பேசுகிறார்கள். அவரிடம் தொடக்கத்திலேயே, "எனக்கு வழி சொல்ல வேண்டாம், கேட்டுக் கொண்டிருந்தால் போதும்" என்று சொல்லிவிடுங்கள். வாரத்தில் ஒரு நேரம் குறித்துக் கொள்ளுங்கள். நேரம் குறிக்காத ஆறுதல் நடைமுறைக்கு வருவதில்லை. உங்களைப் போலவே கணவரையோ மாமியாரையோ பராமரிக்கும் இன்னொரு பெண் சுற்றுவட்டாரத்தில் கட்டாயம் இருப்பார்; மருத்துவமனை வரிசையில் விசாரித்தாலே தெரியும். அவர் எந்த மதத்தவராக இருந்தால் என்ன? இரவு மூன்று மணிக்குக் கதவுத் தாழ்ப்பாள் ஓசை கேட்டு எழுந்து ஓடுவதன் பொருளை அவரிடம் விளக்க வேண்டியிராது.

கணவரின் பழைய நண்பர்களையும் விட்டுவிடக் கூடாது. "அவருக்கு நம்மை அடையாளம் தெரியவில்லை, போய் என்ன பயன்" என்று அவர்கள் ஒதுங்குகிறார்கள். அடையாளம் தெரியாவிட்டாலும் அருகமர்ந்த ஒருவரின் இதமான குரல் தெரியும். அஸருக்குப் பின் அவர் வாசலில் நின்று தவிக்கும் அந்த ஒரு மணி நேரம் ஒருவர் வந்து, அவர் கையைப் பற்றித் தெரு முனை வரை நடத்திச் சென்று திரும்பினால், அந்த ஒரு மணி நேரமும் மனைவிக்குச் சொந்தம். பொழுது சாயும் வேளையில் தவிப்பு மிகுவது இந்நோயின் இயல்பு. சிறு வயதில் மனப்பாடம் செய்தவை மிகப் பிந்தியே மறையும் என்பதால், அவருடன் சேர்ந்து ஓத ஒருவர் அமர்ந்தால் அவரும் அமைதியாக இருப்பார். லுஹரை இரண்டாம் முறை தொழுவதைக் கண்டு உறவினர் அதட்டுவதாகவும் கடிதம் சொல்கிறது. அறிவின் தெளிவு நீங்கியவர் மீது கடமையே இல்லை என்பது மார்க்க அறிஞர்கள் ஒருமித்துக் கூறுவது. தொழட்டுமே! யாருக்கு என்ன நட்டம்?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். தொலைபேசியில், "அத்தா எப்படி இருக்கிறார்?" என்று கேட்பதோடு, "அம்மா, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?" என்றும் கேளுங்கள். வந்த விடையைக் கொண்டு, இரவுத் துணைக்கு ஓர் ஆளை அமர்த்தப் பணம் அனுப்புங்கள். விடுமுறையில் வந்தால் இரண்டு வாரம் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டு, அம்மாவைத் தாய் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். "நான் போனால் அவர் தேடுவார்" என்று தாய் மறுப்பார். தேடட்டும்; நீங்கள் இருக்கிறீர்கள்.

மனைவிக்கு நோய் வந்து கணவர் பராமரிக்கும் வீடுகளும் உண்டு. அகஸ்டேயை அழைத்து வந்தவர் கணவர்தானே. இத்தகைய ஆண்கள் இன்னும் தனிமைப்பட்டவர்கள். அழுவது கூட அவர்களுக்கு மறுக்கப்பட்டிருக்கிறது. குளிப்பாட்டவும் உடை மாற்றவும் தடுமாறுவார்கள்; கேட்க வெட்கப்படுவார்கள். கேட்கும் வரை காத்திராமல் அக்கம்பக்கத்துப் பெண்கள் முன்வர வேண்டும்.

பராமரிப்பவரும் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பற்றின்றி, உறக்கமின்றி, பசியின்றி, காரணமின்றிக் கண்ணீர் வந்துகொண்டிருந்தால் அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம், மருத்துவத்தால் குணமாகும். அரியூரிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுவையில் ஜிப்மர் இருக்கிறது. கணவருக்கு மருந்து வாங்கப் போகும் நாளில் உங்கள் பெயரிலும் ஒரு சீட்டுப் போடுங்கள். கணவரின் குழப்பம் திடீரென ஓரிரு நாளில் மிகுந்தால் அதை மறதி நோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ, கீழே விழுந்ததால் தலையில் ஏற்பட்ட இரத்தக் கசிவோ இருக்கக் கூடும். உடனே காட்ட வேண்டும்.

கேரளத்தில் 1992ஆம் ஆண்டு டாக்டர் ஜேக்கப் ராய் குரியாகோஸ் முயற்சியால் தொடங்கிய அல்சைமர் நோயாளிகளுக்கான இந்தியச் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. அவருடைய தந்தையே இந்நோய்க்கு ஆளானவர். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பும், டெம்கேர்ஸ் என்ற பெயரில் மறதி நோயாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் பணி செய்கிறது. அரியூரிலிருந்து சென்னைக்குப் போவது எளிதன்று என்போர், 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவிச் சேவையை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். பெயரைச் சொல்லத் தயங்குவோரும் பேசலாம். முதியோர் உதவிக்கென 14567 என்ற எண் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்குகிறது. எடுத்தவுடன் என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், "நான் மறதி நோயாளி ஒருவரைப் பார்த்துக் கொள்கிறேன், எனக்காகப் பேச வேண்டும்" என்று தொடங்குங்கள்.